பழைய வைஃபை ரவுட்டர்: வெளியாள் எட்டிப் பார்க்கும் ஜன்னலை அடைப்பது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், புதுமடம், வேதாளை, பாம்பன், இராமேஸ்வரம் என்று நம் கடற்கரை ஊர்களில் வைஃபை ரவுட்டர் இன்று ஃபிரிட்ஜ் மாதிரி சாதாரணப் பொருளாகிவிட்டது. சவூதியிலும் துபையிலும் கத்தரிலும் இருக்கும் வாப்பாக்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது அதன் வழியாகத்தான். பணம் வந்ததா என்று பார்ப்பதும், பிள்ளைகளின் ஆன்லைன் பாடமும், வாசல் கேமராவும் அதன் வழியாகத்தான். ஆனால் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. மாட்டிவிட்டுப் போனவர் எப்படி வைத்தாரோ அப்படியே ஆறு வருடம், எட்டு வருடம் ஓடுகிறது.

சில மாதங்களுக்கு முன் லாத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது, "தம்பி, நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு, மச்சானோட பேசவே முடியல, கொஞ்சம் பாரேன்" என்றார். ரவுட்டர் ஜன்னல் ஓரம் இருந்தது. உப்புக் காற்றில் அடாப்டர் பின் பச்சை பூத்திருந்தது. அதைத் துடைத்துச் சொருகியதும் வேகம் திரும்பிவிட்டது. வந்த வேலை அதோடு முடிந்தது. இருந்தாலும் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே 'மேனேஜ்மென்ட்' என்ற பகுதியில் எஸ்என்எம்பி என்று ஒரு வரி, 'எனேபிள்' என்ற நிலையில் இருந்தது. அதன் கீழே படிப்பதற்கான சொல் 'பப்ளிக்', மாற்றுவதற்கான சொல் 'பிரைவேட்'. இந்த இரண்டு சொற்களும் என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எஸ்என்எம்பி என்றால் என்ன?

ஒரு பெரிய அலுவலகத்தில் நூறு ரவுட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒழுங்காக ஓடுகிறதா, எவ்வளவு டேட்டா போகிறது, எந்த லைன் அறுந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்க முடியாது. ஓர் இடத்தில் உட்கார்ந்தபடி அவற்றை விசாரிப்பதற்காக 1988-ல் உருவாக்கப்பட்ட முறைதான் எஸ்என்எம்பி. கண்காணிக்கும் கணினி கேள்வி அனுப்பும், ரவுட்டர் பதில் சொல்லும். யுடிபி 161 என்ற வாசல் எண்ணில் இந்தப் பேச்சு நடக்கும்.

கேட்பவர் நம்ம ஆள்தானா என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? முதல் பதிப்பிலும், அதற்குப் பின் வந்த 2சி பதிப்பிலும் ஒரே ஒரு அடையாளச் சொல்தான். தகவலைப் படிக்க ஒரு சொல், அமைப்பை மாற்ற ஒரு சொல். அந்தச் சொல் பூட்டிய உறையில் போவதில்லை, திறந்த தபால் அட்டையில் எழுதிய மாதிரி போகும். வழியில் நிற்பவர் யாரும் படித்துக்கொள்ளலாம். அதையும்விட மோசம், ஏராளமான கருவிகளில் அந்தச் சொல் தொழிற்சாலையிலேயே 'பப்ளிக்' என்றும் 'பிரைவேட்' என்றும் எழுதப்பட்டு வருகிறது. உலகத்துக்கே தெரிந்த ரகசியம். 2002-ல் முறையாக வெளிவந்த மூன்றாம் பதிப்பில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, மறைகுறியாக்கம் எல்லாம் உண்டு. ஆனால் நம் வீட்டு மலிவு ரவுட்டர்களில் பெரும்பாலும் பழைய பதிப்புதான்.

வீட்டுக்கு இந்த வசதி தேவையா என்றால், தேவையே இல்லை. அது அலுவலகத்துக்கானது. மோடத்துக்குள் இருக்கும் சிப்பின் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

'பப்ளிக்' என்று கேட்டால் ரவுட்டர் என்னென்ன சொல்லும்? மாடல், மென்பொருள் பதிப்பு, எத்தனை நேரமாக ஓடுகிறது, உள்ளே எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்பன சாதாரணமாகக் கிடைப்பவை. சில மாடல்கள் இதற்கும் மேலே போய்விட்டன. 2014-ல் ரேபிட்7 நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அம்பிட், யுபீ, நெட்டோபியா பெயர்களில் வந்த சில வீட்டு மோடம்களை எடுத்துப் பார்த்தபோது, 'பப்ளிக்' என்று கேட்டாலே பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் வைஃபை சாவியையும் அவை கொடுத்துவிடுவது தெரிந்தது. 2017-ல் ஒரு கேபிள் மோடம் மாடலில் இன்னும் வேடிக்கை. அடையாளச் சொல்லாக எதைச் சொன்னாலும் அது கதவைத் திறந்தது.

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, பதில் வந்த பிறகே உள்ளே நுழைவது நம் பிள்ளைகளுக்கு நாம் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுப்பது. இந்தப் பெட்டியோ கேட்ட ஆள் யார் என்று பார்க்காமலேயே வீட்டு விவரத்தை ஒப்பிக்கிறது.

நம் நாட்டில் நடந்தது

இதெல்லாம் வெளிநாட்டில் நடப்பது, நம்ம மோடத்தை யார் சீண்டப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் பிராட்பேண்ட் மோடம்கள் திடீரென்று படுத்துவிட்டன. 60,000-க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தொழிற்சாலை பாஸ்வேர்டு மாற்றப்படாத மோடம்களே அடிபட்டன. பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 'பிரிக்கர்பாட்' என்ற தீநிரலை எழுதியவர் இது தன் வேலைதான் என்று சொல்லிக்கொண்டார். பாதுகாப்பில்லாத பெட்டிகளை வேறு யாரும் பிடித்துப் பயன்படுத்தும் முன் தானே அவற்றைச் செங்கல்லாக்கிவிடுவது அவருடைய கொள்கையாம்! திருடன் வரும் முன் வீட்டையே இடித்துவிடுகிறேன் என்பது போன்ற நியாயம்.

அந்தச் சம்பவத்தில் பேசப்பட்டது எஸ்என்எம்பி அல்ல, அதன் பங்காளி. டிஆர்-069 என்று பெயர். இணைய நிறுவனம் உங்கள் மோடத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, செட்டிங்ஸ் மாற்றி, மென்பொருள் ஏற்றும் வழி அது. 7547 என்ற வாசலில் காத்திருக்கும். அந்த வாசல் நிறுவனத்துக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2016 நவம்பரில் ஜெர்மனி பார்த்தது. டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் தடுமாறின.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2016 அக்டோபர் 21 அன்று, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அதைச் செய்தது ஏதோ ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் அல்ல. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமரா டிவிஆர்களும் ரவுட்டர்களும்தான். 'மிராய்' என்ற நிரல், அறுபது சொச்சம் தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அவற்றைப் பிடித்தது. எஸ்என்எம்பி திறந்திருக்கும் பெட்டிகளையும் இப்படி அடியாளாக்கலாம். சிறிய கேள்வியை இன்னொருவரின் முகவரியைப் போலிப் பெயராகப் போட்டு அனுப்பினால், பெரிய பதில் அந்த அப்பாவியின் தலையில் போய் விழும். கேள்வியைவிடப் பதில் சுமார் 6 மடங்கு பெருகும் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் கணக்குச் சொன்னது. இதனால் உங்கள் நெட் மெதுவாகும், ஏன் என்று உங்களுக்குத் தெரியாது.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2021-ல் சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் எஸ்என்எம்பி வழியாக, எளிதில் ஊகிக்கக்கூடிய அடையாளச் சொற்களைப் போட்டு ரஷ்ய உளவுக் குழு ஒன்று நுழைந்ததை, 2023 ஏப்ரலில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து அறிவித்தன.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன ஆபத்து?

மூன்று ஆபத்துகள். முதலாவது பணம். ரவுட்டருக்குள் நுழைந்தவன் டிஎன்எஸ் என்ற முகவரிப் புத்தகத்தை மாற்றிவிடுவான். நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்பீர்கள், வந்து நிற்பது போலிப் பக்கம். பிரேசிலில் 2011 முதல் சுமார் 45 இலட்சம் மோடம்கள் இப்படி மாற்றப்பட்டு மக்கள் பணத்தை இழந்தார்கள். கணினியில் வைரஸ் இல்லை, போனில் கோளாறு இல்லை, கோளாறு மோடத்தில் இருந்தது. அதனால்தான் பிடிபட நாளானது.

இரண்டாவது கேமரா. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வாசலில் மட்டுமல்ல, வரவேற்பறையிலும் மாடிப்படியிலும்கூட கேமரா வைக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த டிவிஆர் வெளியிலிருந்து தெரிவதற்காக ரவுட்டரில் ஒரு வழி வெட்டப்பட்டிருக்கும். யுபிஎன்பி என்ற வசதி எனேபிளில் இருந்தால் டிவிஆர் உங்களைக் கேட்காமலே அந்த வழியை வெட்டிக்கொள்ளும். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், பெண் நோயாளிகளின் காட்சிகள், டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டது வெளியே வந்து, கைதுகள் நடந்தன. மருத்துவமனைக்கே அந்தக் கதி. வீட்டில் பர்தா இல்லாமல் நடமாடும் இடத்தில் கேமரா வைப்பதே எனக்கு உடன்பாடில்லை, அது என் கருத்து. வைத்துவிட்டீர்கள் என்றால் அந்த வழியையாவது அடையுங்கள்.

மூன்றாவது, உங்கள் பெயர். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை இணைப்பு வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாரோ அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் காவல்துறை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான், கணினியைக் கைப்பற்றி விசாரித்தார்கள். அதன் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்கென்று தனி அறிவுறுத்தலே வெளியிட்டது. இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி. ஆண்கள் எல்லாம் வெளிநாட்டில், வீட்டில் வயதான உம்மாவும் பெண்களும் மட்டும் இருக்கும்போது அப்படி ஒரு கேள்வி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல், பதிப்பு, முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும். வைஃபையில் இணைந்தபடி போனின் பிரவுசரில் அந்த முகவரியை அடியுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றும் முன் ஒரு வேலை. பிராட்பேண்ட் இணைப்புக்கான பயனர் பெயர், பாஸ்வேர்டு 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' பக்கத்தில் இருக்கும். பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரியும், அதைக் கேபிள்காரரிடமோ நிறுவனத்திடமோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு ரீசெட் அழுத்தினால் ஆள் வரும்வரை வீட்டில் நெட் இருக்காது. நானே ஒரு பெருநாள் சமயத்தில் இப்படிச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பலர் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பிறகு எஸ்என்எம்பி. 'மேனேஜ்மென்ட்', 'மெயின்டனன்ஸ்', 'அட்வான்ஸ்டு' இவற்றில் ஏதாவது ஒன்றின் கீழ் இருக்கும். 'டிஸேபிள்' செய்து சேமியுங்கள். சில மாடல்களில் அணைக்கும் பொத்தானே இருக்காது. அப்போது 'பப்ளிக்', 'பிரைவேட்' இரண்டையும் அழித்து, எழுத்தும் எண்ணும் கலந்த இரண்டு நீளமான வேறு வேறு சொற்களைப் போடுங்கள். அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, பயன்படுத்தப் போவதே இல்லையே. 'டிராப் மேனேஜர்' என்ற கட்டத்தில் 0.0.0.0 இருந்தால் நல்லது. அங்கே வேறு ஏதாவது எண் இருந்தால், உங்கள் ரவுட்டர் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது நிறுவனத்தின் எண்ணா என்று கேளுங்கள். அதே போல 'சிஸ்லாக்' பகுதியில் 'ரிமோட் சர்வர்' என்ற இடமும் காலியாக இருக்க வேண்டும்.

பழைய டிஎஸ்எல் மோடம்கள் பலவற்றில் 'ஆக்சஸ் கன்ட்ரோல்' என்று ஒரு அட்டவணை உண்டு. எஃப்டிபி, எச்டிடிபி, எஸ்என்எம்பி, எஸ்எஸ்எச், டெல்நெட் என்று வரிசைகள், பக்கத்தில் 'லேன்', 'வேன்' என்று இரண்டு கட்டங்கள். லேன் என்பது வீட்டுக்குள், வேன் என்பது தெரு. வேன் கட்டத்தில் இருக்கும் டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். லேன் கட்டத்தில் எச்டிடிபி மட்டும் இருக்கட்டும். அதையும் எடுத்துவிட்டால் செட்டிங்ஸ் பக்கத்துக்கு நீங்களே நுழைய முடியாது! 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று தனியாக இருந்தால் அதையும் அணையுங்கள். யுபிஎன்பி, டபிள்யூபிஎஸ் இரண்டும் அப்படியே. டபிள்யூபிஎஸ்ஸின் எட்டு இலக்கப் பின் எண்ணைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 முதலே தெரிந்த விஷயம்.

கேமரா இருக்கும் வீடுகளில் யுபிஎன்பி அணைத்ததும் வெளிநாட்டிலிருந்து படம் வராமல் போகலாம். வளைகுடாவிலிருந்து உடனே போன் வரும். பயந்துபோய் மறுபடி திறந்துவிடாதீர்கள். கேமரா நிறுவனத்தின் ஆப்பில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து இணைக்கும் வழி பெரும்பாலான டிவிஆர்களில் உண்டு, அதற்கு ரவுட்டரில் வழி வெட்டத் தேவையில்லை. டிவிஆரின் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

டிஆர்-069 விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். ஃபைபர் இணைப்புகளில் நிறுவனம் கொடுத்த பெட்டியை அவர்கள் அதன் மூலம்தான் பராமரிக்கிறார்கள், மென்பொருள் புதுப்பிப்பும் அதன் வழியாக வரலாம். பெட்டி அவர்களுடையது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். கடையில் நீங்களே வாங்கிய ரவுட்டர் என்றால் அது தேவையில்லை, அணைக்கலாம்.

டிஎன்எஸ் எண்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேருடையது, 9.9.9.9 குவாட்9-உடையது. தானாகப் பெறும் நிலையில் இருந்தால் நிறுவனத்தின் எண் இருக்கும். நீங்கள் போடாத, நிறுவனமும் தங்களுடையதல்ல என்று சொல்லும் எண் இருந்தால், ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் புதிதாக அமைப்பதே சரி. வெறுமனே அணைத்துப் போடுவது போதாது. மிராய் போன்றவை நினைவகத்தில் மட்டும் இருப்பதால் அணைத்தால் போய்விடும், ஆனால் பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் சீக்கிரமே திரும்ப வரும். 2018-ல் 5 இலட்சம் ரவுட்டர்களைப் பிடித்த 'விபிஎன்ஃபில்டர்' அணைத்துப் போட்டாலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓர் ஆறுதலும் உண்டு. இன்று பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ரவுட்டரில் வேன் முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ தொடங்கினால் நீங்கள் அந்த வகை. வெளியிலிருந்து நேராக உங்கள் கதவைத் தட்டுவது கடினம். ஆனால் ஐபிவி6 வழியும், வீட்டுக்குள்ளேயே வைஃபையில் சேர்ந்தவர்களின் வழியும் அப்போதும் திறந்தே இருக்கும். பள்ளிவாசல், மதரஸா, திருமண மஹால், கடை இவற்றில் வைஃபை பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்திருக்கும் என்பதால் அங்கே எஸ்என்எம்பியை அணைப்பது வீட்டைவிட முக்கியம். விருந்தாளிகளுக்கென்று 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகத் திறந்து கொடுத்துவிடலாம்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

தயாரிப்பாளர் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்டால் எத்தனை செட்டிங்ஸ் மாற்றினாலும் ஓட்டை ஓட்டைதான். நம் ஊரில் ஏராளமாக ஓடிய டிபி-லிங்க் டபிள்யூஆர் 841என், 740என், 940என் மாடல்களின் பழைய பதிப்புகளில் உள்ள ஒரு ஓட்டை உண்மையிலேயே பயன்படுத்தப்படுகிறது என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் சிசா அமைப்பு தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்தைய மாதம்தான், ஆயுள் முடிந்த ரவுட்டர்களைப் பிடித்துக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்ட கும்பலைப் பற்றி எஃப்பிஐ எச்சரித்திருந்தது. விவரம் தெரிந்த தம்பிகள் 'ஓபன்டபிள்யூஆர்டி' என்ற இலவச மென்பொருளை ஏற்றலாமே என்பார்கள். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் கொண்ட இந்தப் பழைய பெட்டிகளுக்கு அதன் 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்துவிட்டது.

ஆகவே ஸ்டிக்கரில் உள்ள மாடலையும் பதிப்பையும் தயாரிப்பாளர் தளத்தில் போட்டுப் பாருங்கள். கடைசிப் புதுப்பிப்பு ஐந்து வருடத்துக்கு முந்தையது என்றால் மாற்றிவிடுங்கள். ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கே டபிள்யூபிஏ3 பாதுகாப்புள்ள புதிய ரவுட்டர்கள் வந்துவிட்டன. வாங்கியதும் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், உப்புக் காற்று அதையும் தின்றுவிடும்.

கருவி ஏற்கனவே பாதிக்கப்பட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசச் சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன. பணம் போய்விட்டது என்றால் யோசிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பழைய ரவுட்டரைப் பழைய சாமான்காரரிடம் போடும் முன் ரீசெட் பொத்தானை ஒரு முறை அழுத்திவிடுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் பிராட்பேண்ட் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன.